ஹாம் வானொலித் தொடர்புப் பதிவேடும் அதில் விடுபடும் வரிகளும்

ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலியில், ஒரு நிலையம் இன்னொரு நிலையத்துடன் கொள்ளும் ஒவ்வொரு தொடர்பும் ஒரு வரியாக எழுதி வைக்கப்படுகிறது. நாள், நேரம், எதிர் நிலையத்தின் அழைப்புக்குறி, அலைவெண், பரப்பும் முறை, இருவரும் பரிமாறிக்கொண்ட ஒலித்தெளிவு எண்கள் ஆகியவை அந்த வரியில் இருக்கும். இவ்வரிகளின் தொகுப்பே தொடர்புப் பதிவேடு; ஹாம்கள் இதைச் சுருக்கமாக 'லாக்' என்பார்கள். காகிதக் காலத்தில் ஏடு தொலைந்தால்தான் வரி தொலையும். கணினிக் காலத்திலோ ஏடு அப்படியே இருக்க, நடுவில் ஒரு வரியோ ஒரு மாதமோ காணாமல் போகிறது. ஆனால் அவ்வாறு காணாமல் போனவற்றில் பெரும்பாலானவை அழிந்தவை அல்ல. வேறு தேதியிலோ, வேறு கோப்பிலோ, வேறு அழைப்புக்குறியின் கீழோ அவை கிடக்கின்றன.

கட்டுப் புத்தகம்

இந்தியாவின் முதல் ஹாமாகக் குறிக்கப்படுபவர், 1921இல் கல்கத்தாவிலிருந்து 2ஜேகே என்ற குறியுடன் இயங்கிய அமரேந்திர சந்திர குப்து. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே 16 அன்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். அக்கழகம் அதே ஆண்டு சூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமின்றி 1927இல் அது நின்றுபோனாலும், ஒலிபரப்பை அரசுக்கு முன்பே ஆர்வலர்கள் செய்து காட்டிய ஊர் என்ற பெயர் சென்னைக்கு நிலைத்தது. 1939இல் போர் மூண்டதும் ஹாம் உரிமங்கள் நிறுத்தப்பட்டன, கருவிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்த ஆண்டுகளுக்குப் பதிவேட்டில் வரியே கிடையாது. இது சட்டத்தால் வந்த வெற்றிடம், தேடிப் பயனில்லை.

விடுதலைக்குப் பின் வந்த விதிகளில் முக்கியமானவை 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகள். நிலையத்தின் தொடர்புகளைக் கால வரிசைப்படி, உதிரித் தாளில் அல்லாமல் தைத்துக் கட்டிய புத்தகத்தில் எழுத வேண்டும் என்பதும், கடைசிப் பதிவிலிருந்து ஓராண்டு அதைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் அவற்றில் இடம்பெற்றன. கட்டுப் புத்தகம் என்ற நிபந்தனை பழமையாகத் தோன்றலாம். ஆனால் அதன் பயன் எளிது: தைத்த புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். கணினிப் பதிவேட்டில் ஒரு வரி போனால் அடையாளமே இருக்காது. மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றும் அறியாதவை போல நெருங்கி நின்றுகொள்ளும்.

ஒரு வரியின் மதிப்பு

அரசுக்கு ஓராண்டு போதும். ஹாம்களுக்குப் போதாது. உலகின் நாடுகளையும் தீவுகளையும் தொடர்புகொண்டதற்கு அமெரிக்க ஹாம் அமைப்பான ஏஆர்ஆர்எல் வழங்கும் டிஎக்ஸ்சிசி விருதுக்கு, 1945 நவம்பர் 15க்குப் பிந்தைய எந்தத் தொடர்பும் கணக்கில் வரும். ஆகவே தாத்தா காலத்து ஏட்டின் ஒரு வரிக்கும் இன்று மதிப்புண்டு.

அந்தமான் இதற்கு நல்ல சான்று. இவ்விருதுக் கணக்கில் அந்தமான் நிக்கோபார் தனி நாடு போலவே எண்ணப்படுகிறது. 1987க்குப் பிறகு பல ஆண்டுகள் அங்கிருந்து ஹாம் ஒலிபரப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2004 திசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேயரிலிருந்து வியூ4ஆர்பிஐ என்ற குறியுடன் இயங்கத் தொடங்கியபோது, உலகெங்கும் ஹாம்கள் அந்த ஒரு வரிக்காக இரவுகளில் காத்திருந்தார்கள். அம்மாதம் 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியது. விருதுக்காக நிறுவப்பட்ட கருவிகள் அதே நாளில் மீட்புத் தொடர்புக்குத் திரும்பின. யார் உயிருடன் இருக்கிறார்கள் என்ற செய்தி அவற்றின் வழியே கரைக்கு வந்தது. அந்த மாதத்துப் பதிவேடு விருது ஆவணமாகவும் பேரிடர் ஆவணமாகவும் ஆனது. அப்படிப்பட்ட ஒரு வரி தன் கணினியில் இல்லை என்று ஒருவர் பதறுவது இயல்பே.

கணினிக்கு மாறிய பதிவேடு

1980களின் நடுவில் போட்டிகளுக்கான பதிவு மென்பொருள்கள் வந்தன. ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி கோப்பை எழுதியதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர் பழைய வரிகளை இழந்தார். 1996இல் ஏடிஐஎஃப் என்ற பொது வடிவம் முன்வைக்கப்பட்டதும் இது பெருமளவு தீர்ந்தது. 2003இல் ஏஆர்ஆர்எல் தொடங்கிய 'லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு' என்ற இணையச் சேவை, இரண்டு நிலையங்களும் தனித்தனியே ஏற்றும் பதிவுகளை ஒப்பிட்டு, பொருந்தினால் உறுதிப்படுத்துகிறது. தபாலில் வரும் கியூஎஸ்எல் அட்டைக்கு மாதக்கணக்கில் காத்திருந்த நிலை மாறியது.

2017 சூலையில் வந்த எஃப்டி8 என்ற எண்ணிய முறை இன்னொரு பெரிய மாற்றம். இதில் கணினியே 15 வினாடித் துண்டுகளாகச் செய்தியை அனுப்பிப் பெறுகிறது. காதுக்குக் கேட்காத மெல்லிய குறிப்பலையும் எடுபடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் இயந்திர இரைச்சலுக்கு நடுவிலோ, ஆவடி, பூந்தமல்லியின் நெருக்கமான குடியிருப்புகளில் எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் கிளப்பும் மின்னிரைச்சலிலோ குரல் வழித் தொடர்பு கடினம். அங்கே இம்முறை பெரிய உதவி. அதற்கான விலையும் உண்டு: வரியை எழுதுவது இப்போது மனிதக் கை அல்ல.

எஃப்டி8க்குரிய டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருள் ஒவ்வொரு தொடர்பையும் முதலில் தன் சொந்தக் கோப்பில் எழுதுகிறது. பிறகு அதே கணினியில் ஓடும் பதிவேட்டு மென்பொருளுக்கு 2237 என்ற எண்ணுள்ள வலைவாயில் வழியே செய்தி அனுப்புகிறது. பதிவேடு அந்நேரம் திறந்திருக்காவிட்டாலோ, பாதுகாப்புச் சுவர் வழியை அடைத்தாலோ, வேறொரு மென்பொருள் அந்த வாயிலைப் பிடித்திருந்தாலோ செய்தி சேராது. சேரவில்லை என்ற எச்சரிக்கையும் வராது. இரவு முழுவதும் 80 தொடர்புகள் செய்தவர் காலையில் பதிவேட்டைத் திறந்தால் வெறுமை. ஆனால் முதல் கோப்பில் 80 வரிகளும் பத்திரமாக இருக்கும். அந்த ஏடிஐ கோப்பைப் பதிவேட்டில் இறக்குமதி செய்தால் போதும். இன்று 'காணவில்லை' என்று சொல்லப்படுபவற்றில் இந்த வகை மிக அதிகம். முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

ஐந்தரை மணி நேரம்

ஹாம் பதிவேடு உலகெங்கும் யூடிசி எனப்படும் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் எழுதப்படுகிறது. இந்திய நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. எனவே நமக்கு விடியற்காலை 5.30 வரை உலக நேரத்தில் முந்தைய நாள்தான். சனவரி 1 அதிகாலை 2 மணிக்கு ஐரோப்பாவுடன் பேசியவரின் வரி, முந்தைய ஆண்டின் திசம்பர் 31, 20.30 என்று பதிவாகும். புத்தாண்டின் முதல் தொடர்பைச் சனவரிப் பக்கத்தில் தேடுபவருக்கு அது கிடைக்காது.

இதைவிடச் சிக்கலானது இரட்டைக் கழித்தல். சிலர் வசதிக்காகக் கணினிக் கடிகாரத்தையே உலக நேரத்துக்குத் திருப்பி வைப்பார்கள். ஆனால் நேர மண்டலம் 'இந்தியா' என்றே இருக்கும். மென்பொருளோ இந்திய நேரம்தான் ஓடுகிறது என்று நம்பி மேலும் ஐந்தரை மணியைக் கழித்துவிடும். லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு இரண்டு பதிவுகளின் நேரத்தில் 30 நிமிட வேறுபாடு வரைதான் பொறுக்கும். ஐந்தரை மணி தவறிய வரி ஒருபோதும் பொருந்தாது. எதிர் நிலையத்துக்காரர் 'உங்கள் பதிவில் நான் இல்லை' என்று எழுதுவார். ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து எந்த வரியும் உறுதியாகவில்லை என்றால், கோப்பைப் பழுதுபார்க்கும் முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. எல்லா வரிகளும் ஒரே அளவில் தவறியிருப்பதால், தேர்ந்தெடுத்து ஒருமிக்க நகர்த்திவிடலாம். பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கு வழி உண்டு.

பழைய கணினிகளில், தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோனால், மின்சாரம் நின்று வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கி ஓடிவிடும். அன்றைய தொடர்புகள் தேதி வரிசையில் பட்டியலின் அடிமட்டத்துக்குப் போய்விடும். அழைப்புக்குறியைக் கொண்டு தேடினால் அவை வெளிப்படும்.

மின்வெட்டு

உண்மையிலேயே வரி அழிவது பெரும்பாலும் மின்சாரத்தால். 2012இல் சென்னையில் நாள்தோறும் 2 மணி நேரம் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. நகருக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். மென்பொருள் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் கடைசிச் சில வரிகள் அரைகுறையாக நிற்கும். எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளங்கள் இதை எதிர்பார்த்து, முதன்மைக் கோப்பின் பக்கத்திலேயே ஒரு துணைக் கோப்பை வைத்துக்கொள்கின்றன. மறுமுறை திறக்கும்போது அதைக் கொண்டுதான் தம்மைச் சரிசெய்கின்றன. இதை அறியாமல் 'குப்பைக் கோப்பு' என்று துணைக் கோப்பை அழிப்பவரும், காப்புப் பிரதி எடுக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுப்பவரும் பிழைத்திருக்கக்கூடிய வரிகளைத் தம் கையாலேயே இழக்கிறார்கள். பழுதுபார்க்கத் தொடங்கும் முன் அந்தக் கோப்புறை முழுவதையும் அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வைப்பது இதனால்தான்.

முழுப் பதிவேடும் காணாமல் போனதாகத் தோன்றினால் பெரும்பாலும் அது மாயை. மென்பொருளை மீண்டும் நிறுவியபோது அது புதிய வெற்றுக் கோப்பைத் திறந்திருக்கும். விண்டோஸ் விஸ்டா காலம் முதல், நிரல் கோப்புறைக்குள் எழுத முயலும் பழைய மென்பொருள்களின் கோப்புகளை இயங்குதளம் வேறொரு மறைவிடத்துக்குத் திருப்பிவிடுவதும் உண்டு.

வியூ3, வியூ2, ஹாம்சாட்

இந்தியருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட தர உரிமம் பெறுபவருக்கு வியூ3 என்று தொடங்கும் குறியும், தேர்வில் உயர்ந்து பொதுத் தரம் பெறுபவருக்கு வியூ2 என்று தொடங்கும் குறியும் வழங்கப்படுகின்றன. ஆள் ஒருவரே, இணையச் சேவைக்கோ இருவர். அங்கே ஒவ்வொரு குறிக்கும் தனிச் சான்றிதழும், அது செல்லும் தேதி எல்லையும் உண்டு. பழைய வரிகளைப் புதிய குறியின் கீழ் ஏற்றினால் அவை தேதி எல்லைக்கு வெளியே என்று தள்ளப்படும். பழைய குறியின் சான்றிதழைக் கைவிடாமல், அந்தக் காலத்து வரிகளை அதன் கீழேயே ஏற்ற வேண்டும்.

சென்னைக்கு வடக்கே சிறீஅரிக்கோட்டாவிலிருந்து 2005 மே 5 அன்று ஏவப்பட்ட ஹாம்சாட் வழியாகச் செய்த தொடர்புகளிலும் இத்தகைய குழப்பம் உண்டு. அச்செயற்கைக்கோளின் ஹாம் பெயர் விஓ-52. 'ஹாம்சாட்' என்று அன்போடு எழுதியவரின் வரியும், 'விஓ-52' என்று எழுதியவரின் வரியும் கணினிக்கு வெவ்வேறு. 2014 சூலையில் அதன் பணி முடிந்துவிட்டதால், அந்தத் தொடர்புகளைத் திரும்பச் செய்யவும் முடியாது.

தமிழில் எழுதிய பெயர்

ஏடிஐ கோப்பில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அதன் நீளம் எண்ணாகக் குறிக்கப்படும். இந்த வடிவம் ஆங்கில எழுத்துகளுக்காகவே அமைக்கப்பட்டது. நண்பரின் பெயரை 'முருகன்' என்று தமிழில் எழுதுவோம். கண்ணுக்கு 4 எழுத்து. ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி ஆதலால் 7 குறியீடுகள். கோப்பில் அது பிடிக்கும் இடம் 21 பைட். எழுதும் மென்பொருள் 21 என்று குறிக்க, படிக்கும் மென்பொருள் 21 குறியீடுகள் என்று புரிந்துகொண்டால், பெயருக்குப் பின் மேலும் 14 குறியீடுகளை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டதில் வரிமுடிவுக் குறியும் அடங்கினால் இரண்டு தொடர்புகள் ஒட்டிக்கொண்டு ஒன்று மறையும். தமிழில் எழுத விரும்புபவர் குறை சொல்ல வேண்டியது தன் மொழியை அல்ல. ஏடிஎக்ஸ் என்ற மாற்று வடிவத்தில் பிறமொழிப் பெயர்களுக்கென்றே தனிப் புலங்கள் உள்ளன.

எதிர் நிலையத்தின் ஏடு

எல்லாம் தேடியும் கிடைக்காத வரிக்கு இன்னோர் இடம் மிச்சமிருக்கிறது. ஹாம் தொடர்பு எப்போதும் இரண்டு ஏடுகளில் எழுதப்படுகிறது. இகியூஎஸ்எல் சேவையில், நம் பதிவில் இல்லாத தொடர்புக்கும் எதிர் நிலையம் அனுப்பிய அட்டை வந்து கிடக்கும். கிளப் லாக் தளத்தில் அரிய நிலையங்கள் ஏற்றிய பதிவில் நம் குறி உள்ளதா என்று தேடலாம். ஆனால் எதிரியின் அட்டையைப் பார்த்து நேரத்தையும் அலைவெண்ணையும் நகலெடுத்துத் தன் ஏட்டில் புதிதாக எழுதிக்கொள்வது சரியல்ல என்பதே பரவலான கருத்து. இருவரும் தனித்தனியே எழுதியது பொருந்துவதால்தான் உறுதிப்பாட்டுக்கு மதிப்பு. துண்டுத்தாளோ, ஒலிப்பதிவோ, எஃப்டி8 கோப்போ, தன் பக்கச் சான்று ஏதேனும் இருந்தால் மட்டும் வரியைத் திரும்ப எழுதலாம்.

2024 மே மாதத்தில் ஏஆர்ஆர்எல் அமைப்பின் கணினிகள் பிணைப்பணம் கேட்கும் தாக்குதலுக்கு உள்ளானபோது, லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு பல வாரங்கள் இயங்கவில்லை. அதன் பதிவுத் தரவு பாதிக்கப்படவில்லை என்று அமைப்பு அறிவித்தது. சூலை 1 அன்று சேவை திரும்பியதும், அதுவரை ஏற்ற முடியாமல் காத்திருந்த பதிவுகள் உலகெங்கிலுமிருந்து ஒரே நேரத்தில் வந்து குவிந்தன.