ஏற்றமும் இறக்கமும்: டிராக்டர் கியரின் வரலாறு



போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். ஏறுவதற்கு வலிமை வேண்டும். இறங்குவதற்குப் பிடிமானம் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே கோட்டகுடி அடிவாரத்துக்கு இறக்கப்பட்டு, மாட்டுவண்டிகளில் போடிக்கு வந்தது. சுமையை இறக்குவதே அக்காலத்தின் பெரும் சிக்கல்.

ஏலக்காய் விளையும் செங்குத்துச் சரிவில் இன்றும் மண்வெட்டியும் மனிதக் கரமுமே உழைக்கின்றன. அடிவாரத்து நிலங்களிலோ டிராக்டர் ஓடுகிறது. அதன் ஓட்டுநரை வருத்துவது கிளச்சு மிதி. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கிளச்சின் தொழில். 1917-இல் ஹென்றி போர்டு பெருமளவில் செய்யத் தொடங்கிய போர்ட்சன் டிராக்டரில் கியர் மாற்ற வண்டியை நிறுத்தியாக வேண்டும். கலப்பை இறுகிய மண்ணில் நிற்க, மீண்டும் புறப்படும்போதெல்லாம் கிளச்சுத் தட்டு தேயும்.

இதற்கு மாற்றாக, 1954-இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் ஒரு நெம்புகோலை அமைத்தது. அதை இழுத்தால், கிளச்சை மிதிக்காமலே வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும், இழுவிசை கூடும். ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. குறைந்த வேகத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுமேயன்றி, இறக்கத்தில் அதைப் பிடித்து நிறுத்தாது. மேட்டில் உதவிய கருவி பள்ளத்தில் கைவிட்டது!

1959-இல் போர்டு நிறுவனம், பத்து முன்வேகங்களையும் கிளச்சு மிதியின்றி மாற்றும் முறையை வெளியிட்டது. தொடக்கத்தில் அது பழுதுகளால் பெயர் கெட்டது. 1963-இல் ஜான் டியர் நிறுவனம் எட்டு முன்வேகங்களை அவ்வாறே மாற்றும் கியரைத் தந்தது. 1967-இல் இன்டர்நேஷனல் நிறுவனம் எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிராக்டரைக் கொணர்ந்தது. அதை ஓட்டுவது எளிது. ஆனால் ஆற்றலில் ஒரு பகுதி எண்ணெயில் வெப்பமாய் வீணாகும்.

சென்னையில் 1960-இல் டாபே நிறுவனம் தோன்றி, மாசி பெர்குசன் டிராக்டர்களைத் தமிழ்நாட்டில் செய்யத் தொடங்கியது. விலையும் சிற்றூரில் பழுதுபார்க்கும் வசதியும் கருதி, நம் நாட்டு உழவர் பெரும்பாலும் எளிய பல்சக்கரக் கியரையே கைக்கொண்டனர்.

மாணவர்களே, எதைத் தேர்வது? முன்னும் பின்னும் ஓயாது நகரும் வேலைக்கு எண்ணெய் அழுத்த முறை ஏற்றது. நெடுநேர உழவுக்குப் பல்சக்கரக் கியரே சிக்கனம். சரிவிலோ, கால் நோவைக் குறைப்பது மட்டும் போதாது. இறங்கும்போது எஞ்சின் சக்கரத்தைப் பிடிக்குமா என்பதையும் கேட்க வேண்டும். எக்கியராயினும், இறக்கத்துக்கு முன்பே தாழ்ந்த கியரைத் தேர்ந்து, நடுவழியில் கிளச்சை மிதியாது வருவதே உயிரைக் காக்கும்.