வந்தானா, வருகிறானா?

பேத்தி பொன்னியின் செல்வனுக்குத் தன் போக்கில் தொடர்ச்சி எழுதுகிறாள். (புதிதல்ல, விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' அப்படி வந்ததுதான்.) "தாத்தா, வந்தியத்தேவன் வந்தானா, வருகிறானா?" என்று கேட்டாள்.

1950இல் தொடங்கிய அந்தத் தொடரில், கல்கி நம்மை ஓடத்தில் ஏற அழைப்பது நிகழ்காலத்தில். கதையைச் சொல்வது இறந்தகாலத்தில். "வந்தான்" என்றே சொல்ல வாயெடுத்தேன்.

பழைய மாணவி ஒருத்தியின் நினைவு வந்தது. குந்தவையை வைத்துக் கதை எழுதி வந்தாள். "அழுகிறாள்" என்ற இடமெல்லாம் சிவப்பு மையால் "அழுதாள்" ஆக்கினேன். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு காரணமாகக் காலம் மாறி வரலாம் என்று நன்னூலின் கால வழுவமைதியை நடத்தியவனும் நானே! பிறகு அவள் நோட்டைக் காட்டவே இல்லை.

பேத்தியிடம் "வருகிறான்" என்றே எழுதச் சொன்னேன். அம்மா, நீ இதைப் படித்தால் சொல்: அந்த நோட்டு இருக்கிறதா?