விரல் தட்டும் ஓசையில் ஆளை அறிந்த கதை

நான் பத்திரிகைத் தொழிலில் நுழைந்த காலத்தில், ஆசிரிய பீடத்துக்கு அடுத்த அறையில் தட்டச்சுப் பொறிகள் நாள் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கும். கதவு மூடியிருந்தாலும் உள்ளே தட்டுபவர் யார் என்று சொல்லச் சில மாதங்களிலேயே பழகிவிட்டோம். ஒருவர் சொல்லுக்குச் சொல் தயங்குவார். மற்றொருவர் வரி முடியும்வரை நிறுத்தமாட்டார். அன்று அது எங்களுக்கு வேடிக்கை. இன்று கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரையைத் தொடும் விரல்களிலிருந்து அதே வேறுபாட்டை இயந்திரம் கணித்தெடுத்து, ஆளை அடையாளங் காண்கிறது. இந்த வித்தை கணினி யுகத்தில் பிறந்ததன்று. அதன் வேர் தந்திக் காலத்தில் இருக்கிறது. அந்த வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத பாடம் ஒன்றும் உண்டு.

1844 மே 24 ஆம் திகதி சாமுவேல் மோர்ஸ் வொஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தமது புகழ்பெற்ற தந்தியை அனுப்பினார். புள்ளியும் கோடுமாகச் செய்தியை அனுப்பும் அந்த முறை பரவியபோது, தந்திப் பணியாளர்கள் புதுமையொன்றைக் கண்டனர். எழுத்துகள் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் ஒருவர் கோட்டைச் சற்று நீட்டுவார், வேறொருவர் எழுத்துகளுக்கிடையே அதிகம் இடைவெளி விடுவார். நேரில் கண்டிராத நண்பரைக் கம்பியின் மறுமுனையில் வரும் ஒலியைக் கொண்டே அறிந்துகொண்டார்கள். ஆங்கிலம் பேசும் பணியாளர்கள் இதனை 'முட்டி' என்று பொருள்படும் சொல்லால் குறித்தனர். நம் மொழியில் 'கைவாகு' என்பது இதற்குப் பொருந்தும்.

இந்தக் கைவாகு விரைவிலேயே ஆய்வுக்கூடத்துக்கும் வந்தது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் லோ பிரையன், நோபிள் ஹார்ட்டர் ஆகிய இருவரும் தந்திப் பணியாளர்களின் வேகத்தையும் பழக்கத்தையும் அளந்து 1897 இலும் 1899 இலும் ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டனர். ஹார்ட்டர் தாமே தந்திப் பணி பார்த்தவர். திறமை எவ்வாறு வளர்கிறது என்பதே அவர்களுடைய முதன்மையான கேள்வி. ஆயினும் மனிதனின் விரலசைவைக் காலக் கணக்கில் பிரித்துப் பார்க்கலாம் என்பதை அந்த ஆய்வுகள் காட்டின.

இரண்டாம் உலக யுத்தத்தில் கைவாகு போர்க்கருவியாயிற்று. ஜேர்மனியர் தமது வானொலி நிலையங்களின் அழைப்புக் குறிகளை அடிக்கடி மாற்றினர். ஆனால் விசையைத் தட்டிய கையை மாற்ற முடியவில்லை. பிரித்தானியாவின் ஒட்டுக்கேட்கும் நிலையங்களில் இரவு பகலாகச் செவி கொடுத்திருந்தோர், செய்தியின் பொருள் விளங்காதபோதும், இன்னார் அனுப்புகிறார் என்று அறிந்தார்கள். அந்த ஆள் இடம்பெயர்ந்தால் அவருடைய படைப்பிரிவும் இடம்பெயர்ந்துவிட்டது என்று ஊகிக்கலாம். அனுப்புபவரின் தாளத்தைப் பதிவு செய்து ஒப்பிடும் முறையொன்றையும் பிரித்தானியர் வகுத்தனர். அதற்கு 'டீனா' என்பது பெயர்.

எதிரியின் கையை அறிந்த பிரித்தானியர் தமது கையையும் பதிவு செய்தனர். எஸ்.ஓ.ஈ. எனப்பட்ட இரகசியப் படை, ஐரோப்பாவுக்கு அனுப்பும் வானொலி முகவர்களின் கைவாகைப் புறப்படுமுன்னரே பதிவு செய்துகொண்டது. வேறொருவர் அந்த முகவரின் பெயரில் செய்தி அனுப்பினால் கண்டுபிடித்துவிடலாம் என்பது எண்ணம். அதற்கும் மேலாக, ஒவ்வொரு முகவருக்கும் இரகசியக் காப்புக் குறி ஒன்றும் தரப்பட்டது. செய்தியில் குறித்த இடங்களில் வேண்டுமென்றே ஒரு பிழை விடவேண்டும். பிழை இல்லாவிட்டால் அவர் எதிரியின் பிடியில் இருக்கிறார் என்று பொருள்.

1942 மார்ச் 6 ஆம் திகதி நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஹூப் லௌவர்ஸ் என்ற முகவர் பிடிபட்டார். ஜேர்மன் இராணுவ உளவுத்துறை அதிகாரி ஹெர்மன் கிஸ்கெஸ், அவரைக் கொண்டே இலண்டனுக்குச் செய்தி அனுப்புவித்தார். லௌவர்ஸ் இணங்கினார், ஆனால் காப்புக் குறியை விட்டுவிட்டார். இலண்டன் விழித்துக்கொள்ளும் என்று நம்பினார். இலண்டன் விழிக்கவில்லை. தட்டிய கை அவருடையதுதான். குறி மட்டும் இல்லை. இலண்டன் மேலும் முகவர்களை அனுப்பியது. ஜேர்மனியர் குறித்துக் கொடுத்த இடங்களிலேயே அவர்கள் பரசூட்டில் இறங்கினார்கள்; இறங்கியவுடன் கைதானார்கள். இந்த நாடகம் 1944 ஏப்ரல் மாதம் முதலாம் திகதி கிஸ்கெஸ் ஏளனமாக ஒரு செய்தியனுப்பி முடித்துவைக்கும்வரை நீடித்தது. பிடிபட்ட முகவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலானோர் 1944 இல் மௌத்தௌசன் முகாமில் கொல்லப்பட்டனர். லௌவர்ஸ் உயிர் தப்பினார்.

தட்டுவது யார் என்பதைக் கை சொல்லும். அவர் சுதந்திரமாகத் தட்டுகிறாரா, தலையில் துப்பாக்கி இருக்கத் தட்டுகிறாரா என்பதை அறியக் கையை மட்டும் நம்பியிருக்க முடியாது. இதுவே நான் முன்னர் குறிப்பிட்ட பாடம்.

யுத்தம் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், தந்தியின் இடத்தைக் கணினி விசைப்பலகை பிடித்தது. 1980 இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் சிறிய பரிசோதனையொன்றின் முடிவை வெளியிட்டது. தொழில்முறைத் தட்டச்சாளர் எழுவரை ஒரே பந்திகளைத் தட்டச் செய்து, மாதங்கள் சில கழித்து மீண்டும் தட்டச் செய்தனர். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையிலான நேரமே ஆளைப் பிரித்துக் காட்டப் போதுமானதாக இருந்தது. இன்றைய முறைகளுக்கும் இதுவே அடிப்படை. விசை எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டிருந்தது, அதை விட்டு அடுத்த விசைக்குச் செல்ல எவ்வளவு நேரம் பிடித்தது ஆகிய இரண்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக் கணக்கில் அளக்கப்படுகின்றன.

2007 இல் ஐபோன் வந்தபின் விசைப்பலகை கண்ணாடிக்குள் புகுந்தது. இங்கே அளப்பதற்கு மேலும் பல உண்டு. விரல் பதிந்த இடம், தொட்ட பரப்பளவு, தொடும்போது கருவி எந்தப் பக்கம் சாய்ந்தது ஆகிய அனைத்தையும் கைத்தொலைபேசியின் உணரிகள் பதிவு செய்ய இயலும். எனினும் அளவுகள் கூடியதால் துல்லியம் தானாகக் கூடிவிடவில்லை. நாம் நின்றபடியும் நடந்தபடியும் படுத்தபடியும் தட்டுகிறோம். சொற்களைத் தொலைபேசியே திருத்துகிறது; பாதியில் நிரப்பியும் விடுகிறது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் திரட்டிய பெருந்தொகைத் தரவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட டைப்நெட் என்ற முறையின் பெறுபேறுகள் 2021 அளவில் வெளிவந்தன. அதன் பிழை வீதம் சாதாரண விசைப்பலகையில் 2.2 ஆகவும் தொடுதிரையில் 9.2 ஆகவும் இருந்தது. எளிதாகச் சொன்னால், தொடுதிரையில் நூறு அந்நியரில் ஒன்பது பேர் உள்ளே புகுவர். உரியவர் நூறு தடவை வந்தால் ஒன்பது தடவை திருப்பி அனுப்பப்படுவார்.

இந்தப் பிழை வீதத்தோடு தனித்து நிற்கும் காவலாளியாக அது இருக்க முடியாது. கடவுச்சொல்லுக்குத் துணையாக இருக்கலாம். இணையவழிக் கல்வி நிறுவனமான கோர்செரா, பரீட்சார்த்தியை உறுதிப்படுத்த 2013 இல் தட்டச்சுத் தாளத்தைப் பயன்படுத்தியது. வங்கித் துறையும் மோசடியைத் தடுக்க இத்தகைய முறைகளை நாடியுள்ளது. திருடப்பட்ட கடவுச்சொல்லைத் தட்டும் அந்நியக் கையைக் கண்டுகொள்வது நல்லதே. அதை நான் மறுக்கவில்லை.

என் கவலை வேறு. கைரேகை எடுப்பவர் விரலை நீட்டச் சொல்வார். நாமும் அறிந்தே நீட்டுவோம். தட்டும் தாளத்தை அளக்க யாரும் நம்மைக் கேட்கத் தேவையில்லை. நாம் எழுதும் பக்கமே அளந்துவிடும். அத்தோடு அது அடையாளத்தை மட்டும் சொல்வதுமில்லை. விசையில் விரல் தங்கும் நேரத்தைக் கொண்டு, 85 பேரின் தட்டச்சிலிருந்து பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அறிகுறிகளைப் பிரித்தறிந்த ஆய்வொன்று 2016 இல் வெளியாயிற்று. மருத்துவருக்கு அது வரப்பிரசாதம். காப்புறுதி நிறுவனத்தின் கையில் அகப்பட்டால்?

என் தொழிலை எண்ணும்போது அச்சம் இன்னும் கூடுகிறது. பெயர் சொல்ல விரும்பாதோர் தந்த தகவல்களால் வெளிவந்த உண்மைகள் அநேகம். அன்று கையெழுத்தை மறைத்தால் போதும் என்று இருந்தோம். இன்று புனைபெயரில் புதிய கணக்குத் திறந்து எழுதுபவரின் விரல்கள், அவர் சொந்தப் பெயரில் எழுதிய இடத்திலும் அதே தாளத்தில்தான் தட்டியிருக்கும். இரண்டு பதிவுகளும் ஒரே கையில் சேர்ந்தால், புனைபெயர் காக்காது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். கைவாகை எப்படி மாற்றுவது?

இதை உணர்ந்தோர் சிலர் வழி தேடியிருக்கிறார்கள். தட்டும் நேரங்களில் தாறுமாறான சிறு தாமதங்களைப் புகுத்தித் தாளத்தைக் குழப்பும் துணைமென்பொருள் ஒன்று 2015 இல் குரோம் உலாவிக்காக வெளியிடப்பட்டது. 2018 இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நடத்தையால் அறியப்படும் அடையாளங்களையும் உயிரளவியல் தரவு என்றே வரையறுக்கிறது. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் உயிரளவியல் தரவுகளைச் சிறப்பு வகையினவாகக் கொண்டுள்ளது. ஆனால் தம்மை யாரோ அளக்கிறார் என்று அறியாதவர் எந்தச் சட்டத்தின் கதவைத் தட்டுவார்?

எமது தட்டச்சு அறையில் ஒலித்த தாளத்தைக் கேட்டவர்கள் நண்பர்கள். யார் எனக் கண்டுகொண்டதும் கதவைத் திறந்து தேநீர் வேண்டுமா என்று கேட்டார்கள். இன்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்று நாமும் கேட்கவேண்டும். அளப்பவர் தம்மை அறிவிக்க வேண்டும். நம் இசைவைப் பெறவேண்டும். இயந்திரம் 'இவர்தான்' என்று சொன்னபின்னும் ஏதோ ஒரு குறி தவறியிருக்கிறதா என்று பார்க்க, பொறுப்புள்ள ஒரு மனிதர் அங்கே இருக்கவேண்டும். லௌவர்ஸ் விட்டுவிட்ட குறியை இலண்டனில் ஒருவர் பொருட்படுத்தியிருந்தால், பரசூட்டில் இறங்கிய அந்த இளைஞர்களில் பலர் வீடு திரும்பியிருப்பர்.