தோளில் ஏறிய சைக்கிள்

கார்த்திகை மாச அடைமழை. மயிலாப்பூரில் ஒரு சந்து முழுக்கத் தண்ணி. எனக்கு முன்னாடி போன பேப்பர் போடற பையன் சட்டுனு இறங்கினான், சைக்கிளோட குறுக்குக் கம்பியைத் தோளில் மாட்டினான், நாலு எட்டு ஓடினான், மறுபடி ஏறி மிதிச்சுப் போய்ட்டான். நான் பேன்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு யோசிச்சுக்கிட்டே நின்னேன் :-)

அவன் பண்ணினதுக்கு ஐரோப்பாவில் ஒரு பெயர் இருக்கு. சைக்ளோகிராஸ். குளிர்காலத்துல சேறு, புல்வெளி, மணல், படிக்கட்டுன்னு ஒரு பாதையை வளைச்சுப் போட்டு, சுமார் ஒரு மணி நேரம் சுத்திச் சுத்தி ஓட்டற பந்தயம். மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தூக்கிக்கிட்டு ஓடணும். அது தப்பில்லை, ஆட்டமே அதுதான்.

பிரான்சில் இதுக்கு முதல் தேசியப் போட்டி நடந்தது 1902ல். ஏற்பாடு செய்தவர் டானியல் கூஸோ. அப்போ இதுக்குன்னு தனி வண்டி எதுவும் கிடையாது. சாலையில் ஓட்டறவங்க குளிர்காலத்துல உடம்பு துருப்பிடிக்காம இருக்க, கையில் இருந்த வண்டியையே சேத்தில் இறக்கினாங்க. 1910ல் டூர் டி பிரான்ஸை ஜெயிச்ச ஆக்டாவ் லாபீஸ், இந்தச் சேத்துப் பழக்கம்தான் தன்னைத் தயார் பண்ணிச்சுன்னு சொன்னப்புறம் ஆட்டத்துக்கு மவுசு கூடிச்சு. உலகப் பட்டப் போட்டி வந்தது 1950ல், பாரிஸில். ஜெயிச்சவர் ழான் ரோபிக்.

இதில் என் மனசுக்குப் பிடிச்ச ஆள் யூஜின் கிறிஸ்டோஃப். 1909 முதல் 1914 வரை வரிசையா ஆறு தடவை, அப்புறம் 1921ல் ஒரு தடவைன்னு பிரான்சின் சைக்ளோகிராஸ் சாம்பியன். 1913 டூர் டி பிரான்ஸில் முன்னணியில் இருந்தவருக்கு, பிரெனே மலையில் முன்பக்க ஃபோர்க் முறிஞ்சு போச்சு. அடுத்தவர் உதவி வாங்கக் கூடாதுங்கறது அன்னைக்கு விதி. மனுஷன் வண்டியைச் சுமந்துக்கிட்டு சுமார் 10 கிலோமீட்டர் இறங்கி, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடிச்சு ஒட்டினார். மணிக்கணக்கா ஆச்சு. துருத்தி ஊத ஒரு பையன் கை கொடுத்தான்னு அபராதம் வேற போட்டாங்க! கடைசியில் ஏழாவதா வந்தார். சேத்தில் வண்டி தூக்கிப் பழகின தோள், அன்னைக்கு மலையில் தூக்கிச்சு.

இன்னைக்குக் கதை வேற. சேறு ஜாஸ்தின்னா அரைச் சுற்றுக்கு ஒரு தரம் வண்டியை மாத்திக்கலாம். கழட்டின வண்டியைத் தண்ணி பீய்ச்சிக் கழுவித் தயாரா வைக்க ஆள் இருக்கும்.

சரி, நம்ம ஊர் வண்டிக்கு வருவோம். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினது 1949ல். அந்தக் காலத்து ஹெர்குலிஸ் வண்டி ஏறக்குறைய 20 கிலோ கனம். மழையில் கம்பி பிரேக் பிடிச்சா நனைஞ்ச இரும்பு ரிம்மில் வழுக்கிக்கிட்டே போகும். மட்கார்டுக்குள்ள சேறு அப்பிக்கிச்சுன்னா சக்கரமே நின்னுடும். ஒன்றரை இஞ்ச் டயர்னா 38 மில்லிமீட்டர். உலகப் போட்டியில் 33க்கு மேல அனுமதி இல்லை. ஆக, சேத்துப் பந்தயத்துக்கு எல்லா வகையிலும் தகுதியில்லாத வண்டி.

ஆனா பாருங்க, தகுதியில்லாத வண்டிக்குன்னே ஒரு பந்தயம் நம்மகிட்ட இருக்கு. அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைங்களுக்கு நடத்தற மிதிவண்டிப் போட்டி. வயசைப் பொறுத்து 10 முதல் 20 கிலோமீட்டர். இந்தியாவில் செஞ்ச, சாதாரண கைப்பிடி வச்ச சைக்கிளா இருக்கணும்னு விதியே போட்டிருக்காங்க. காசு இருக்கற வீட்டுப் பிள்ளை வெளிநாட்டு வண்டியில் வந்து பரிசைத் தட்டிக்கிட்டுப் போக முடியாது. அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போற பொண்ணும் அதே கோட்டில் நிக்கலாம்.

விதி மனுஷனை வதைக்கவும் செய்யும், கிறிஸ்டோஃபை வதைச்ச மாதிரி. வாசலைத் திறந்தும் விடும், இந்தப் போட்டி மாதிரி. 1902ல் சேத்தில் இறங்கினவங்க நல்ல வண்டி வரட்டும்னு காத்திருந்தா, அந்த ஆட்டமே பிறந்திருக்காது.

"முதல்ல ஒரு நல்ல வண்டி வாங்கணும் சார், அப்புறம்தான் ஓட்டணும்" என்று அடையாறு நண்பர் ஒருத்தர் நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கார். அடுத்த தடவை பாக்கறப்போ அந்தப் பேப்பர் பையன் கதையைத்தான் சொல்லப் போறேன்.