இலங்கைத் தமிழர் முகாம்கள்: குமரி - கேரள எல்லையில் உதவியும் உரிமையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கு விளிம்பில் உள்ள காரக்கோணத்தில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. காரக்கோணமும் பாறசாலையும் ஒருபுறம், களியக்காவிளை மறுபுறம் எனப் பிரிந்தன. சிகிச்சைக்கும் சந்தைக்கும் திருமணத்துக்கும் இக்கோட்டைக் கடப்பது உள்ளூர் மக்களுக்கு அன்றாட நிகழ்வு. அருகிலேயே வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளின் நிலை வேறு.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. இவற்றில் கோழிவிளை, எல்லை நகரமான களியக்காவிளைக்கு அருகில் இருக்கிறது. கேரளத்தில் இத்தகைய முகாம் எதுவும் இல்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே ஒடிசாவின் மல்கான்கிரியில் ஒரு முகாம் அமைந்தது.

கேரளத்துக்கும் இலங்கைத் தமிழருக்கும் தொடர்பில்லை என்று இதற்குப் பொருளன்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழருக்காக, கொல்லம் மாவட்டம் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு, 1976-இல் மறுவாழ்வுத் தோட்டக் கழகம் தொடங்கப்பட்டது. மத்திய, மாநில அரசுகளின் இக்கூட்டு நிறுவனம் ரப்பர்த் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை அளித்தது. அவர்கள் இந்தியக் குடிமக்களாக ஏற்கப்பட்டு வந்தவர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தோருக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. இரு தரப்பினரையும் ஒன்றாக எண்ணும் குழப்பம் இன்றளவும் பரவலாக உண்டு.

1983-க்குப் பின் தமிழகம் வந்தோர் மூன்று லட்சத்துக்கும் அதிகம். பெரும்பாலோர் திரும்பிவிட்டனர் அல்லது வேறு நாடுகளுக்குச் சென்றனர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டப்பேரவையில் தெரிவித்த கணக்குப்படி 58,822 பேர் முகாம்களிலும், 34,087 பேர் காவல் நிலையங்களில் பதிவு செய்து வெளியிலும் வசித்தனர். அப்போது ரூ.317.40 கோடி மதிப்பிலான திட்டங்களை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது அவற்றில் முதன்மையானது. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு ரூ.1,500, பிற பெரியவர்களுக்கு ரூ.1,000, சிறுவர்களுக்கு ரூ.500 என உயர்த்தப்பட்டது. அகதிகள் முகாம் என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாறியது.

அரசு உதவிக்கு இணையாகக் கவனிக்கத்தக்கது, அகதிகள் தாங்களே அமைத்துக்கொண்ட அமைப்பு. தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி.சந்திரகாசன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வி, ஊட்டச்சத்து, மகளிர் சுயஉதவிக் குழுக்கள், மனநல ஆலோசனை ஆகிய துறைகளில் பணியாற்றியது. முகாமில் வளர்ந்தவர்களே அதன் பணியாளர்கள். அதன் பணிகளில் மிகவும் பயன்பட்டது ஆவணப் பணி எனலாம். தமிழகத்தில் பிறந்த குழந்தைக்கு இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவும் பின்னர் குடியுரிமைச் சான்றும் பெறாவிட்டால், அக்குழந்தை எந்நாட்டுக்கும் உரியதாகாமல் போகும் அபாயம் உண்டு.

இத்தகைய பணி அரசின் இசைவைச் சார்ந்தே நடக்கிறது. 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பின்னர் சில ஆண்டுகள் தன்னார்வ அமைப்புகள் முகாம்களுக்குள் செல்லத் தடை இருந்தது. உயர்கல்விச் சேர்க்கையும் மறுக்கப்பட்டது. 1996-க்குப் பின்னரே நிலை சீரானது. ஐ.நா. அகதிகள் முகமை 1992 முதல் சென்னையில் இயங்கினாலும், தாயகம் திரும்புவோர் சுயவிருப்பத்துடன் செல்கின்றனரா எனச் சரிபார்ப்பதே அதன் முதன்மைப் பணியாக இருந்தது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை.

எல்லைப்புற முகாம்களில் இதன் விளைவு வெளிப்படையானது. முகாமில் இருப்போர் வெளியூரில் தங்க வருவாய்த் துறையின் அனுமதி வேண்டும். குறித்த நாளில் கணக்கெடுப்புக்கு நேரில் வர வேண்டும். உதவித்தொகை முகாம் பதிவோடு பிணைந்தது. எனவே கேரளத்தில் பெயின்டிங், கட்டுமானம் போன்ற வேலைகளில் கூடுதல் கூலி கிடைத்தாலும், அங்கேயே தங்கி உழைப்பது எளிதன்று. இந்த நெருக்கடியைப் பயன்படுத்துவோரும் உளர். 2022 செப்டம்பரில் கொல்லத்தில் படகு மூலம் வெளிநாடு செல்ல முயன்று கேரள காவல் துறையிடம் பிடிபட்டவர்களில் தமிழக முகாம்களைச் சேர்ந்தோரும் இருந்தனர்.

2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தோர் பிறப்பால் குடிமக்கள் என்ற விதியின்படி, முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதன் பயன் பெறக்கூடியோர் சிலரே.

2025 செப்டம்பர் 1 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்துள்ளது. ஆயினும் அது குடியுரிமை வழங்கும் ஆணையன்று. பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் முதல் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கியோர் அதன் வரம்புக்குள் வரவில்லை.