எல்லை கடந்து செல்லும் தெய்வங்கள்

குளச்சலில் பிறந்து வளர்ந்த எனக்குப் புரட்டாசி மாதம் என்றதும் நினைவுக்கு வருவது கடல் அன்று, தக்கலை நெடுஞ்சாலை. கன்னிப்பூ அறுவடை முடிந்து நாஞ்சில் நாட்டு வயல்களில் தாள் மட்டும் நிற்கும். வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்கியிராது. அந்த இடைவேளையில், நவராத்திரிக்குச் சில நாள் முன்பாக, என் பாட்டனார் என்னைக் கையைப் பிடித்துத் திங்கள்சந்தை, இரணியல் வழியாகத் தக்கலைக்கு அழைத்துச் செல்வார். பத்து மைலுக்குள் அடங்கும் வழிதான். ஆயினும் அன்று எனக்கு அது பெரும் பயணம்.

சாலையோரத்து வீடுகளின் முன் குத்துவிளக்கு எரியும். தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு பெண்கள் காத்து நிற்பார்கள். முதலில் மேளம் கேட்கும். பிறகு யானை தெரியும். யானைமேல் சரஸ்வதி, உடன் இரண்டு பல்லக்குகள்.

"சாமி எங்க போவுது, பாட்டா?" என்று கேட்டேன்.

"திருவனந்தபுரத்துக்கு மக்கா. பூசை முடிஞ்சா இதே வழியா வந்துரும்" என்றார் அவர்.

அவ்விடைக்குள் ஒரு நாட்டின் வரலாறு அடங்கியிருந்தது என்பதை நெடுநாள் கழித்தே அறிந்தேன்.

மாணவ நண்பர்களே, அந்த ஊர்வலத்தில் செல்லும் தெய்வங்கள் மூன்று. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டில் வீற்றிருக்கும் சரஸ்வதி. வேளிமலைக் குமாரகோவிலிலிருந்து வரும் முருகன். சுசீந்திரத்திலிருந்து வரும் முன்னுதித்த நங்கை. அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வைத்திருக்கும் மன்னரின் உடைவாளை முறைப்படி எடுத்துக் கொடுத்த பின்னரே ஊர்வலம் புறப்படும். முதல் நாள் குழித்துறை, மறுநாள் நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். அங்கே சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். முருகனுக்கு ஆரியசாலைக் கோயில். நங்கைக்குச் செந்திட்டைப் பகவதி கோயில். விசயதசமிக்குப் பின் ஒரு நாள் 'நல்லிருப்பு' இருந்து, வந்த வழியே திரும்புவார்கள்.

ஏன் இந்தப் பயணம்? பத்மநாபபுரம் ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகர். கல்குளம் என்பது அதன் பழம்பெயர். 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் எங்கள் குளச்சல் கரையில் ஒல்லாந்தரை முறியடித்த மார்த்தாண்ட வர்மர் அங்கிருந்துதான் ஆண்டார். அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்னும் தளபதி, தம்மை வென்ற மன்னருக்கே படை பயிற்றி, 1777இல் இறந்து, அருகிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். அடுத்து ஆண்ட தர்மராஜா, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரைத் திருவனந்தபுரத்திற்கு மாற்றினார். மன்னர் குடிபெயர்ந்தார், தெய்வம் குடிபெயரவில்லை. நவராத்திரி பூசையோ மன்னர் முன்னிலையில் நடைபெற வேண்டியது. ஆகவே ஆண்டுதோறும் தெய்வம் சென்று மீளும் வழக்கம் ஏற்பட்டது. அச்சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருமேனி என்றும், நவராத்திரி பூசை தவறாது நடக்கும் என்று சேர மன்னர் ஒருவர் அவருக்கு வாக்களித்தார் என்றும் சொல்வார்கள். அது செவிவழிச் செய்தி. நான் அதை வரலாறு என்று கூறமாட்டேன். ஆனால் ஒரு வாக்கைக் காப்பதற்காகவே தெய்வம் நடக்கிறது என்று எளிய மக்கள் நம்பி வந்தார்களே, அந்த நம்பிக்கை வரலாற்றின் பகுதிதான்.

ஜப்பானிலும் இதே பருவத்தில், நெல் அறுவடைக்கு நன்றி கூறும் விழாக்கள் ஊருக்கு ஊர் நடைபெறுகின்றன. கோயில் வடிவில் அமைந்த 'மிகோஷி' என்னும் பல்லக்கில் ஊர்க்காவல் தெய்வத்தை எழுந்தருளச் செய்து, அப்பகுதி மக்களே தோளில் சுமந்து செல்கிறார்கள். ஹிமேஜி நகரையடுத்த நாடா என்னுமிடத்தில் அக்டோபர் 14, 15 ஆகிய நாள்களில் நடக்கும் விழாவில் மூன்று மிகோஷிகளை ஒன்றோடொன்று மோதவும் விடுகிறார்கள்! ஊர்வலத் தெய்வம் தங்குமிடத்திற்கு 'ஒதாபிஷோ' என்று பெயர். பயணத்தில் தங்கும் இடம் என்பது பொருள். நம் சரஸ்வதியே பௌத்தத்தோடு சீனம் வழியாக அங்குச் சென்று, 'பென்சைதென்' என்னும் பெயரில், வீணைக்குப் பதிலாகப் 'பீவா' என்னும் நரம்பிசைக் கருவியை ஏந்தி நிற்கிறாள். வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே தெய்வம் பெரும்பாலும் தன் பகுதியையே சுற்றி வருகிறது; அது போய்வரும் தெருக்களைக் கொண்டு 'இது எங்கள் கோயிலின் எல்லை' என்று மக்கள் அறிகிறார்கள். நம் தெய்வங்களோ எல்லையைக் கடந்து மூன்று நாள் வழி செல்கின்றன.

அவ்வெல்லை எளிதில் வந்ததன்று. தமிழ் பேசும் தென் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நேசமணி முதலிய தலைவர்கள் போராடினர். 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் உயிரிழந்தனர். அந்த மார்த்தாண்டம் சரஸ்வதி செல்லும் சாலையிலேயே இருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் நம்மோடு இணைந்தன. அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பிலேயே தமிழ் மண்ணில் நிற்கிறது. எல்லைக்காக உயிர் கொடுத்த ஊர் வழியாகவே, எல்லையைப் பொருட்படுத்தாமல் ஒரு விழா ஆண்டுதோறும் செல்கிறது. இவ்விரண்டில் ஒன்று தவறு என்று நான் எண்ணவில்லை. மக்கள் தங்கள் மொழியில் ஆளப்பட விரும்பியது நியாயம். பழைய உறவை அறுக்க அவர்கள் விரும்பவில்லை என்பதும் உண்மை.

ஆயினும் பழையன யாவும் போற்றத்தக்கன அல்ல. நங்கை புறப்பட்டு வரும் அதே சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமை கேட்டு 1926இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்திற்குப் பின்னரே திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. பாட்டிலும் அப்படியே. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் நவராத்திரிக்கென ஒன்பது கீர்த்தனைகள் இயற்றினார். மண்டபத்தில் நாளுக்கொன்றாக அவை முதன்மை பெறும். கலைமகளின் முன் பெண் ஒருவர் அமர்ந்து பாடுவதற்கு 2006ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாறு முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். சரஸ்வதி ஆண்டுதோறும் கடந்து செல்லும் சாலையில்தான் பாறசாலையும் இருக்கிறது.

அண்மையில் மீண்டும் ஒருமுறை களியக்காவிளைக்குச் சென்று நின்றேன். அதுவரை உடன் வந்த தமிழகக் காவலர்கள் மரியாதை செலுத்தி ஒதுங்கினர். மறுபுறம் காத்திருந்த கேரளக் காவலர்கள் அணிவகுத்து ஏற்றுக்கொண்டனர். எல்லையின் இருபுறமும் விளக்குகள் எரிந்தன. தட்டுகளில் அதே பூ, அதே பழம். பல்லக்குத் தூக்கி வந்தவர்கள் அங்குச் சற்றே நின்று, வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டு, நெய்யாற்றின்கரையை நோக்கி நடந்தார்கள்.