நு டெல்லி (இசைத்தொகுப்பு)

நு டெல்லி, புது தில்லியைச் சேர்ந்த பிளட்டிவுட் என்னும் மெட்டல் இசைக்குழுவின் இசைத்தொகுப்பு. அமெரிக்காவின் ஃபியர்லெஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இதை 2025 மார்ச் 21 அன்று வெளியிட்டது. அதுவரை சொந்த முயற்சியில் பாடல்களை வெளியிட்டுவந்த குழு, வெளிநாட்டு லேபிள் ஒன்றின் வழியாகத் தந்த முதல் தொகுப்பு இதுவே. தலைநகரின் பெயரும் 'நு மெட்டல்' என்ற இசைவகையின் பெயரும் இதன் தலைப்பில் ஒன்றாகக் கலந்துள்ளன.

கனத்த கிட்டார் ஒலியோடு ராப்பைச் சேர்க்கும் நு மெட்டல், 1990களில் கலிஃபோர்னியாவில் உருவானது. கார்ன் குழுவின் முதல் தொகுப்பு 1994இல் வந்தது. லிங்கின் பார்க்கின் 'ஹைப்ரிட் தியரி' (2000) இவ்வகையை உலகெங்கும் கொண்டுசென்றது.

பிளட்டிவுட் 2016இல் தொடங்கியது. வழக்கறிஞர் பணியை விட்டு வந்த கரண் கட்டியார் கிட்டாரும் குழலும் வாசித்தார்; ஜெயந்த் பதூலா பாடினார். பிரபலமான பாடல்களைக் கேலியாக மெட்டலுக்கு மாற்றி யூடியூபில் ஏற்றுவதே தொடக்க வேலை. 2018இல் பஞ்சாபி நாட்டுப்புற மெட்டில் அமைந்த 'ஆரி ஆரி'யை எடுத்தாண்டபோது ராப் பாடகர் ரவுல் கெர் இணைந்தார். அதன்பின் கேலி குறைந்து, கனம் கூடியது. மனச்சோர்வைப் பேசும் 'ஜீ வீரே', வளர்ப்பு நாயின் பிரிவைப் பேசும் 'யாத்' (2020) ஆகியவை இக்காலத்தவை. 'யாத்' வெளிவந்ததையொட்டி, தெருவிலங்குகளைக் காக்கும் தொண்டு அமைப்பு ஒன்றுக்குக் குழு ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தது. உறுமலுக்கும் இடிமுழக்கத்துக்கும் பேர்போன இசைவகையில், ஒரு நாய்க்காக இத்தனை கனிவான பாடல் பிறந்தது தனியே குறிப்பிடத்தக்கது.

2019இல் குழு ஐரோப்பாவில் பயணம் செய்து, ஜெர்மனியின் வாக்கன் ஓப்பன் ஏர் திருவிழாவில் வாசித்தது. மேடையில் டிரம்ஸுக்கு இணையாக டோல் என்னும் மேளம் முழங்கியது. பறைக்கு அடிகுச்சியும் சிண்டுக்குச்சியும் போல டோலுக்கும் தடித்ததொன்று, மெலிந்ததொன்று என இரு குச்சிகள் உண்டு. பறைக்கு ஒரு முகம், டோலுக்கு இரண்டு. வளைந்த தடிக்குச்சி எழுப்பும் ஆழ்ந்த அதிர்வு, தாழ்த்திச் சுருதிகூட்டிய கிட்டாரோடு எளிதில் ஒன்றிவிடுகிறது. குழுவின் தனித்தன்மைக்கு இந்த டோலும் ஒரு காரணம்.

2022 பிப்ரவரி 18 அன்று 'ரக்ஷக்' என்னும் தொகுப்பு வெளிவந்தது. அதன் பத்துப் பாடல்களில் பெரும்பகுதி முன்பே தனித்தனியாக வெளியானவை. அதனினும் முன்னதாக, 2017இல், பிறர் பாடல்களின் மறுவடிவங்களைக் கொண்ட ஒரு தொகுப்பும் உண்டு. எனவே குழுவின் முதல் தொகுப்பு எது என்பதற்கு இருவகைக் கணக்குகள் வழங்குகின்றன.

'நு டெல்லி'யில் எட்டுப் பாடல்கள். இந்தி, பஞ்சாபி, ஆங்கிலம் மூன்றும் கலந்து வருகின்றன. 'தட்கா' இந்தியச் சமையலைக் கொண்டாடுகிறது. தலைப்புப் பாடல் தில்லியைக் கொண்டாடுகிறது. 'பேகௌஃப்' பாடலில் ஜப்பானின் பேபிமெட்டல் குழு இணைந்து பாடியது.

இத்தொகுப்பைப் பெருநிறுவன வெளியீடு எனலாமா என்பதில் ஒத்த கருத்தில்லை. ஃபியர்லெஸ் 2015 முதல் கான்கார்ட் குழுமத்தைச் சேர்ந்தது. ஆனால் யுனிவர்சல், சோனி, வார்னர் என்னும் மூன்று பெருநிறுவனங்களில் கான்கார்ட் அடங்காது. இசைவகையிலும் இதே நிலைதான்: இதை நு மெட்டல் என்போரும் நாட்டார் மெட்டல் என்போரும் உள்ளனர். டோலைக் கேட்பவர் பின்னதையும் ராப்பைக் கேட்பவர் முன்னதையும் சொல்லக்கூடும்.

2025இலேயே வெளிவந்த பேபிமெட்டலின் 'மெட்டல் ஃபோர்த்' தொகுப்பில், 'கோன்! கோன்!' என்ற பாடலில் பிளட்டிவுட் பங்கேற்றது.